வில்லங்கமற்ற நிலம் யாருடையது?

ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு வழிமுறையை வெளியிட்டது. 'கிரீன் கிரெடிட்' எனப்படும் பசுமை வரவுத் திட்டத்தின்கீழ் எந்த நிலத்தில் மரம் நடலாம், நட்ட மரத்துக்கு எவ்வளவு வரவு வைக்கலாம் என்பதை அது வகுத்தது. மாநில வனத்துறைகள் தம் கட்டுப்பாட்டில் உள்ள சீரழிந்த நிலங்களை அடையாளம் காண வேண்டும். அவை மரம் அடர்த்தியற்ற காடாகவோ, புதர்க்காடாகவோ, தரிசாகவோ, நீர்ப்பிடிப்புப் பகுதியாகவோ இருக்கலாம். ஒவ்வொரு துண்டும் ஐந்து எக்டேருக்குக் குறையக் கூடாது. பணம் செலுத்தும் நிறுவனத்துக்காக வனத்துறை அங்கே மரம் நடும். கிடைக்கும் வரவை, வேறோரிடத்தில் காட்டை அழித்ததற்கு ஈடாகக்கூட அந்நிறுவனம் காட்டிக்கொள்ளலாம். 2025இல் கணக்கிடும் முறை திருத்தப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு நிற்கும் மரங்களுக்கே வரவு என்றானது. அந்தத் திருத்தம் வரவேற்கத்தக்கதே. ஆனால் நம் கண்ணில் தைத்தது 2024 வழிமுறையில் நிலத்துக்கு விதிக்கப்பட்ட ஒரு தகுதி: அந்நிலம் எல்லா வில்லங்கங்களிலிருந்தும் விடுபட்டதாக இருக்க வேண்டும்.

வில்லங்கம் என்ற சொல்லை நாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தினமும் கேட்கிறோம். வில்லங்கச் சான்று எடுத்தால், அந்நிலத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம், ஒப்பந்தம் ஆகியவை தெரியவரும். பதிவாகாத எதுவும் தெரியவராது. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் அங்கே ஆடு மேய்த்திருக்கலாம், சுள்ளி பொறுக்கியிருக்கலாம், இறந்தோரைப் புதைத்திருக்கலாம், குடிசை கட்டி வாழ்ந்திருக்கலாம். அவற்றில் ஒன்றுகூட அந்தச் சான்றில் இடம்பெறாது. ஆக, பத்திரம் இல்லாதவரின் வாழ்க்கை வில்லங்கமாகக்கூடப் பதிவாவதில்லை. அவர் எதிர்த்து நின்றால் மட்டும், பேச்சுவழக்கில் நாம் சொல்லும் பொருளில், 'வில்லங்கம்' ஆகிவிடுகிறார்.

காலநிலை மாற்றத்துக்கு மரம் நடுவதே மருந்து என்று அரசுகளும் பெருநிறுவனங்களும் ஒருமித்துப் பேசும் இக்காலத்தில், அந்த மரம் எந்த நிலத்தில் நடப்படும் என்ற கேள்வி சாதியைத் தொடாமல் நகர முடியாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரியும் சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து இதை விளக்க முயல்கிறோம். அதற்கு முன் அறிவியல் என்ன சொல்கிறது என்பதை நேர்மையாகப் பார்த்துவிடுவது நல்லது. அரசுகள் அறிவியலின் பெயரால் செய்வதும் அறிவியல் சொல்வதும் ஒன்றல்ல.

'இயற்கைவழிக் காலநிலைத் தீர்வுகள்' என்ற தொடர் பரவலானதற்கு முக்கியக் காரணம், 2017இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில் பிரான்சன் கிரிஸ்காம் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு. காடுகள், புல்வெளிகள், விளைநிலங்கள், சதுப்பு நிலங்கள் ஆகியவற்றைக் காத்தும் மேம்படுத்தியும் மீட்டும் எவ்வளவு கரிமத்தை வளிமண்டலத்தில் சேராமல் தடுக்கலாம் என்று இருபது வழிகளை அது கணக்கிட்டது. புவி வெப்ப உயர்வை இரண்டு பாகைக்குள் நிறுத்த 2030 வரை தேவைப்படும், செலவுக்கு ஏற்ற குறைப்பில் 37 விழுக்காட்டை இவ்வழிகள் தரக்கூடும் என்பது அதன் முடிவு. அந்த எண் உலகெங்கும் மேடைகளில் முழங்கியது. புதைபடிவ எரிபொருளைக் குறைக்காவிட்டால் இத்தீர்வுகளால் பயனில்லை என்று சேர்த்துச் சொல்லப்பட்டது மட்டும் மேடைகளை எட்டவில்லை.

அடுத்து 2019இல் சூரிச் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வரைபடம் வந்தது. உலகில் இன்னும் 90 கோடி எக்டேரில் மரக்கவிகையை உருவாக்க இடமுண்டு, அது 205 கிகா டன் கரிமத்தைச் சேமிக்கும் என்று 'சயின்ஸ்' இதழில் அது அறிவித்தது. கோடி மரம், இலட்சம் கோடி மரம் என்ற முழக்கங்களுக்கு இந்த வரைபடமே எரியூட்டியது. அதே ஆண்டில் ஜோசப் வெல்ட்மன் உள்ளிட்ட சூழலியலாளர்கள், இக்கணக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று மறுத்தனர். புல்வெளிகளையும் சவானாக்களையும் மரமில்லாத குறைநிலங்களாக அந்த வரைபடம் கருதியதே அவர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. மரத்தின் கணக்கைப் பற்றி இவ்வளவு விவாதம் நடந்தது. அந்நிலத்தில் வாழும் மனிதரின் கணக்கைக் கேட்க மேலும் ஓராண்டு ஆனது. அதற்குப் பின்னர் வருவோம்.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே நிதானமாகப் பேசியவர் சூழலியலாளர் சூசன் குக்-பேட்டன். காட்டை மீட்பதில் மரம் நடுவதைக் காட்டிலும் காடு தானாகவே திரும்ப வளர்வதைக் கூர்ந்து ஆய்ந்தவர். அவர் தலைமையில் 2020இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, உலகெங்கிலுமிருந்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள அளவீடுகளைத் திரட்டி, கைவிடப்பட்ட நிலத்தில் காடு தானே தழைத்தால் முதல் 30 ஆண்டுகளில் எவ்வளவு கரிமம் சேரும் என்று வரைபடமாக்கியது. இடத்துக்கு இடம் அந்த வேகம் நூறு மடங்குவரை வேறுபட்டது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு பயன்படுத்திவந்த பொது மதிப்புகள் இந்த வேகத்தைச் சராசரியாக 32 விழுக்காடு குறைத்துக் காட்டியதும் தெரியவந்தது. எளிமையாகச் சொன்னால், பல இடங்களில் மண்ணில் புதைந்த வேரும் விதையும் வேலையைச் செய்துவிடும். நாற்றங்காலும் ஒப்பந்ததாரரும் திறப்பு விழாவும் அங்கே தேவைப்படாது.

அவரே முதன்மை ஆசிரியராக 2021இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் எழுதிய கட்டுரை நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. முதலில் இருப்பதைக் காத்தல், அடுத்து பயன்பாட்டில் உள்ள நிலங்களைச் செம்மையாகப் பேணல், அதன் பிறகே இழந்ததை மீட்டல் என்று அது ஒரு வரிசையை முன்வைக்கிறது. இருக்கும் காட்டை அழியாமல் நிறுத்துவது மலிவானது, உடனே பலன் தருவது. புதிதாக நடுவது செலவு மிக்கது, பலன் வரப் பல பத்தாண்டுகள் ஆகும். நம் அரசுகள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. 2016இன் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம், 2023இன் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், பசுமை வரவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் இது புரியும். நிற்கும் காட்டை எடுத்துக்கொள்ளும் வழி எளிதாகிறது, அதற்கு ஈடாக வேறெங்கோ 'தரிசில்' மரம் நடப்படுகிறது.

அந்த வேறெங்கோ என்ற இடத்தில் யார் இருக்கிறார்கள்? 2020இல் 'நேச்சர் எகாலஜி அண்ட் எவல்யூஷன்' இதழில் ஜேம்ஸ் எர்பா, அஸ்வினி சத்ரே, அருண் அகர்வால் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதைக் கேட்டது. காடு மீட்புக்கு வாய்ப்புள்ளவை என்று வெப்பமண்டல நாடுகளில் குறிக்கப்பட்ட நிலங்களின்மீது மக்கள்தொகையைப் பொருத்திப் பார்த்தார்கள். அங்கே 29 கோடியே 45 இலட்சம் பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உரிமை அளித்து, அவர்களையே மீட்பின் உரிமையாளர்களாக ஆக்கும் வழியே நம்பிக்கை தருகிறது என்று அந்த ஆய்வு வாதிடுகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த மரநடவை எரிக் கோல்மன், ஃபாரஸ்ட் ஃபிளைஷ்மன் குழுவினர் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நடவால் அடர்ந்த மரக்கவிகை கூடியதற்குச் சான்றே இல்லை. மக்கள் தீவனத்துக்கும் விறகுக்கும் நம்பியிருந்த அகன்ற இலை மரங்களின் இடத்தை ஊசியிலை மரங்கள் பிடித்ததுதான் நடந்தது. பணமும் போனது, தீவனமும் போனது.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் இன்று தொழிற்பேட்டை, பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலை, அடுக்ககம் என்று அறியப்பட்டாலும், இவையெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப் பாசன ஊர்கள். 'தரிசு' என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் 130 ஆண்டுகளைத் தாண்டிய அரசியல் உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் மையம் நிலம். ஊரில் தரிசு ஏராளமாகக் கிடந்தது. ஆனால் அதைக் கேட்டு விண்ணப்பம் போட்ட பறையருக்கு அது கிடைக்கவில்லை. மிராசுதாருக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு அதைத் தடுத்தது. மிராசுதார் அந்த நிலத்தை உழுதாரா என்று யாரும் கேட்கவில்லை. பண்ணையாளுக்குச் சொந்த நிலம் கிடைத்துவிட்டால் கூலிக்கு ஆள் கிடைக்காது என்பதே உள்ளிருந்த காரணம். நிலம் தரிசாகக் கிடந்ததே ஒரு சாதி ஏற்பாடு.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். சென்னை மாகாணத்தில் சுமார் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பவை நிபந்தனைகள். அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதை இத்தள வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்ததையும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாம் சொல்ல வருவது வேறொன்று. பஞ்சமி நிபந்தனை வில்லங்கச் சான்றில் வராது. அது வருவாய்த்துறையின் பழைய பதிவேடுகளில், பெரும்பாலும் அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ஓரிரு எழுத்துகளாகக் கிடக்கும். அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் ஒரு நிலத்தை வில்லங்கமற்றது என்று எந்த அதிகாரி சான்றளித்தாலும், 1892இன் உரிமையை அவர் அழித்துவிட்டுத்தான் கையொப்பமிடுகிறார்.

தரிசில் மரம் நட்ட முன்அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1981இல் சுவீடன் நாட்டு வளர்ச்சி முகமையின் நிதியுதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் இங்கே தொடங்கியது. விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பது நோக்கம் என்றார்கள். ஏரிகளின் உள்வாயிலும் புறம்போக்குகளிலும் கருவேல மரங்கள் நடப்பட்டன. நோக்கத்தைப் பழிக்க நமக்கு மனமில்லை. ஆனால் ஏரி உள்வாய் கோடையில் யாருடைய மேய்ச்சல் நிலம்? சொந்தமாக ஒரு சென்ட்கூட இல்லாதவர் ஆடு வளர்க்க முடிந்தது அங்கேதான். நிலமுள்ளவரின் மாட்டுக்கு வரப்பு இருந்தது, வைக்கோல் இருந்தது. மரம் வளர்ந்த பின் அது ஏலத்துக்குப் போனது. ஏலம் எடுக்க முன்பணம் கட்டக்கூடியவர் யார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அகில இந்திய அளவில் இன்றும் பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் பரப்பு மொத்தத்தில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, பொதுநிலம் சுருங்கும்போது இழப்பு எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை.

இப்போது நடப்பது அதன் அடுத்த பதிப்பு. 2022 செப்டம்பரில் வண்டலூரில் தமிழ்நாடு முதலமைச்சர் தொடங்கிவைத்த பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. இந்த மூன்றில் ஒரு பங்கு என்ற இலக்கு 1952இன் தேசிய வனக் கொள்கையிலேயே உண்டு, 1988இன் கொள்கையிலும் உண்டு. டயானா டேவிஸ், பால் ராபின்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இதன் வேரை ஐரோப்பியக் காலனிய வனவியலில் கண்டுகாட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரைச் சமவெளிக்கும் அந்த எண்ணுக்கும் இயற்கையில் தொடர்பு ஏதுமில்லை. இங்கே இயல்பாக இருந்தது உலர் பசுமைமாறாக் காடும் புதர்க்காடும். அதன் மிச்சத்தைக் கிண்டியில் பார்க்கலாம். மேலும், இந்திய வன அளவைத்துறையின் கணக்கில் ஓர் எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்பது கேள்வியே இல்லை. தென்னந்தோப்பும் காடு, தைலமரத் தோட்டமும் காடு.

காட்டுநிலங்கள் ஏற்கெனவே காடாகக் கணக்கில் இருப்பதால், கூடுதல் பத்து விழுக்காட்டில் பெரும்பகுதியைக் காட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும். பட்டா நிலத்தில் மரம் நடச் சொல்லி உரிமையாளரிடம் வேண்டுகோள்தான் வைக்க முடியும். புறம்போக்கில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால் ஏரிக்கரையும் ஆற்றுப்படுகையும் மேய்க்காலும் திட்ட வரைபடத்தில் முதலில் பச்சையாகின்றன.

மேற்குப் புறநகரில் இது ஏரிகளைச் சுற்றி நடக்கிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் என்று நீண்ட சங்கிலி அது. பருத்திப்பட்டு ஏரி நடைபாதையும் படகும் பூங்காவுமாக 2019இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மாலையில் அங்கே நடப்பது இனிமையானதுதான், நாமும் நடந்திருக்கிறோம். ஆனால் ஏரியைக் கெடுத்தது எது என்ற கேள்விக்குக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் என்று பதில் கிடைத்தாலும், ஏரியைக் காப்பது என்று வரும்போது முதலில் அளக்கப்படுவது கரையோரக் குடிசைதான். குழாயின் வாயை அடைப்பதைவிடக் குடிசையின் கூரையைப் பிரிப்பது எளிது.

முகப்பேருக்குப் போனால் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதன் பெயரே 'முகப்பேர் ஏரித் திட்டம்'. ஏரியில் கட்டியதை மறைக்கக்கூட யாரும் முயலவில்லை. அங்கே வசிப்போர் அரசிடம் பணம் கட்டி முறையாக வாங்கியவர்கள், அவர்கள்மீது நமக்குப் புகார் எதுவுமில்லை. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரியில் நிற்கிறது. தியாகராய நகர் மாம்பலம் ஏரியில் எழுந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் ஒரு கண்மாயில்தான் அமைந்திருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் ஆணைகள் அங்கிருந்தும் பிறக்கின்றன. ஏரிக்குள் அரசு கட்டினால் திட்டம். ஏரிக்கரையில் துப்புரவுத் தொழிலாளி கட்டினால் ஆக்கிரமிப்பு.

சட்டம் இந்த வேறுபாட்டைத் தானாக உருவாக்கவில்லை, ஆனால் அதற்கு வசதி செய்து தருகிறது. 2005இல் கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டது. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2015இல் சண்முகம் வழக்கில் முழு அமர்வு இந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. இவற்றின் நோக்கம் சரியானது. ஆனால் 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், நூறு எக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டமானால் நீர்நிலையை உள்ளடக்கிய அரசு நிலங்களையும் ஒருங்கிணைத்து வழங்க வழி செய்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு சென்ட் குடிசைக்கு ஏரி புனிதமானது. இருநூற்றைம்பது ஏக்கர் திட்டத்துக்கு ஏரி நகர்த்தத்தக்கது.

ஏரிகளோடு கூவத்தையும் சொல்ல வேண்டும். திருவள்ளூர்ப் பக்கமிருந்து பருத்திப்பட்டு, திருவேற்காடு வழியாக நகருக்குள் நுழையும் ஆறு அது. அதன் சீரமைப்புக்காகக் கரையோரக் குடும்பங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இடம்பெயர்க்கத் திட்டமிடப்பட்டன. பெரும்பகுதியினர் தலித்துகளும் அன்றாடக் கூலிகளும். 2021 ஜூலையில் அரும்பாக்கம் இராதாகிருஷ்ணன் நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. 2022 மே மாதம், பக்கிங்காம் கால்வாயோரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பை எதிர்த்து ஒரு முதியவர் தீக்குளித்து மாண்டார். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பலரைக் குடியேற்றிய பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வடிகால் பகுதியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே தெருவில் தண்ணீர் நிற்கிறது. காலிசெய்த கூவக் கரையில் மரக்கன்றும் நடைபாதையும் வந்தன.

எங்கள் வழக்கறிஞர் குழு ஒன்றின் அனுபவத்தையும் இங்கே பதிவுசெய்கிறோம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பு. மனு நிலுவையில் இருப்பதால் அதன் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் தவிர்க்கிறோம். அறுபதுக்கும் குறைவான வீடுகள், ஓரிரண்டைத் தவிர எல்லாம் தலித் குடும்பங்கள். வீட்டுவரி இரசீதும் மின் இணைப்பும் குடும்ப அட்டையும் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் காலையில் குடியிருப்பின் பின்புறம் குழி தோண்டப்பட்டு, புங்கமும் நாவலும் நடப்பட்டு, கம்பிவேலி போடப்பட்டது. யாருக்கும் அறிவிப்பு வரவில்லை. வேலிக்கு உள்ளே போய்விட்டது அவர்களின் கழிப்பிடமும் ஆட்டுக்கொட்டிலும். மூன்று மாதம் கழித்து வீடுகளுக்கு அறிவிப்பு வந்தது. அதில் காரணமாக 'பசுமைப் பணிக்கு இடையூறு' என்று எழுதியிருந்தார்கள். மரம் வந்த பிறகு மனிதர் இடையூறாகிவிட்டார். நாங்கள் அ-பதிவேட்டின் நகலைக் கேட்டபோது, 'அதெல்லாம் பழைய காகிதம், கம்ப்யூட்டரில் பாருங்கள்' என்று பதில் வந்தது. கணினியில் அந்தப் புல எண் அரசுப் புறம்போக்கு என்று மட்டும் இருந்தது. 'எங்க தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் குடுத்த நிலம்னு சொல்லுவாங்க சார்' என்றார் ஒரு பாட்டி. அந்த வாய்மொழி உண்மையா என்று பழைய பதிவேடு இல்லாமல் எங்களால் மெய்ப்பிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் கையாளத்தக்க சட்டக் கருவிகள் சில உண்டு. பொதுநில ஆக்கிரமிப்புக்கு எதிராக அதிகாரிகள் எப்போதும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, 2011இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜக்பால் சிங் தீர்ப்பு. அதை முழுவதும் படிப்பவர் குறைவு. முறைப்படுத்தலை விதிவிலக்கான நேர்வுகளில் அனுமதிக்கலாம் என்று அது சொல்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ அரசு அறிவிக்கையின்படி குத்தகை வழங்கப்பட்டிருப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகவே கூறுகிறது. அடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1) பிரிவின் எஃப், ஜி உட்பிரிவுகள். பட்டியல் சாதியினருக்குச் சொந்தமான, அவர்கள் அனுபவத்தில் உள்ள, அல்லது ஒதுக்கப்பட்ட நிலத்தை முறையின்றிக் கைப்பற்றுவதும், நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ முறையின்றி வெளியேற்றுவதும், நீர், நில உரிமையைத் துய்ப்பதில் குறுக்கிடுவதும் குற்றம். இதைக் காவல் நிலையத்தில் பதிவுசெய்ய வைப்பது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். ஆயினும் எழுத்தில் புகார் கொடுத்து வைப்பது பின்னாளில் உதவுகிறது. வெளியேற்றத்துக்கு முன் கணக்கெடுப்பும் மறுவாழ்வுக் கலந்தாய்வும் வேண்டும் என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2010 சுதாமா சிங் தீர்ப்பும் 2019 அஜய் மாக்கன் தீர்ப்பும் துணை நிற்கும்.

இவற்றோடு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரஞ்சித்சிங் வழக்கில் கூறியது சேர்ந்துகொள்கிறது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அது கண்டது. கானமயில் பற்றிய வழக்கு அது. 21ஐ மட்டும் சொல்லாமல் சமத்துவம் பேசும் 14ஐயும் நீதிமன்றம் இணைத்தது நமக்கு முக்கியம். வெப்பமும் வெள்ளமும் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை என்றால், அவற்றுக்கான தீர்வின் சுமையும் ஒரு சாராரின் தலையில் மட்டும் இறங்கக் கூடாது என்று அந்த 14ஆம் உறுப்பைக் கொண்டே நாம் வாதிடலாம். நாமறிந்த வரையில் தமிழ்நாட்டு வெளியேற்ற வழக்குகளில் இவ்வாதம் இன்னும் வலுவாக வைக்கப்படவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதில் உழைக்க நிறைய இடமிருக்கிறது.

நாம் மரத்துக்கு எதிரிகள் அல்லர். ஏப்ரல், மே மாதங்களில் மறுகுடியமர்வு அடுக்ககங்களின் மாடியறைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு நிழலின் அருமை தெரியும். நட வேண்டுமானால் அங்கே நடத் தொடங்கட்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சாலையோரங்களிலும், பெருநிறுவன வளாகங்களிலும் நடட்டும். எஞ்சிய புதர்க்காட்டைத் தரிசு என்று தோண்டாமல் விட்டுவைக்கட்டும். குக்-பேட்டனின் ஆய்வு சொல்வதும் அதுதானே, விட்டால் வளரும் இடத்தில் விடு என்று. புறம்போக்கில் நடுமுன், அந்தப் புல எண்ணின் அ-பதிவேட்டையும் பஞ்சமி ஒதுக்கீட்டுப் பதிவுகளையும் சரிபார்த்து, அங்கு வாழ்வோர், மேய்ப்போர் பட்டியலை எழுதி, ஊரறிய ஒட்டிய பிறகே குழி தோண்ட வேண்டும் என்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நெறிமுறையில் சேர்க்கக் கோருகிறோம். குடியிருப்புகளின் வீட்டுமனைப் பட்டா கோரிக்கை முடிவாகும்வரை அவற்றை ஒட்டிய நிலத்தில் வேலி கூடாது.

ஊராட்சியாக இருந்தால் இக்கோரிக்கையைக் கிராமசபையில் தீர்மானமாக்கலாம். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. இவ்வூர்ச் சேரிகளுக்குக் கிராமசபை இல்லை. நகர்ப்புறங்களுக்கென 2022இல் விதி வகுக்கப்பட்ட பகுதி சபைகள்தான் இருக்கின்றன. அவை எப்போது கூடுகின்றன என்பதை அறிந்து, புல எண்ணோடு எழுதிய கோரிக்கையை அங்கே கொடுத்து, ஒப்புகை பெற்று வையுங்கள். அ-பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'பழைய காகிதம்' என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மேலே சொன்ன ஏரிக்கரைக் குடியிருப்புக்காக நாங்கள் கேட்ட பதிவேட்டு நகல் இன்னும் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்திருக்கிறோம். வேலிக்குள் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் கடந்த கோடையில் கருகிவிட்டன. மீதமிருப்பவற்றுக்கு அந்தக் குடியிருப்புப் பெண்கள்தான் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.